டியூ சொன்னவனுக்கு டீ இல்லை

(பழைய வண்ணாரப்பேட்டையில் 22 வருடமாகப் பிள்ளைகளுக்கு கேரம் சொல்லித்தரும் மாஸ்டர், வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. வியாசர்பாடியில் ஃபுட்பால் பயிற்சிக்குப் போகிறான். “பாக்ஸுக்குள்ள ஆள் லேசா பட்டாலும் விழுந்துடு, பெனால்டி கிடைக்கும்” என்று மாஸ்டர் சொல்லித்தந்தாராம். வீட்டில் பாயைப் போட்டு விழுந்து விழுந்து பழகுகிறான். வேறு இடத்தில் சேர்க்கட்டுமா?
– ஓர் அம்மா, எருக்கஞ்சேரி

பாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிச்சிடுங்கம்மா. ஃபுட்பால் என் ஆட்டம் இல்லை, கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற ஆள் நான். ஃபுட்பால் ஆட்டக்காரர்கள் தனபால் கணேஷும் நந்தகுமாரும் கிளம்பிப் போன வியாசர்பாடிக்குப் பந்தைப் பற்றி நான் பாடம் எடுத்தால் அடிக்க வருவார்கள். 2023 டூரண்ட் கோப்பையில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி, அதே ஊர் மோகன் பகானை 1-0 என்று சாய்த்ததே, அந்த ஒரு கோல் நம்ம நந்தகுமார் போட்டது. பாயில் பழகி அது வராது.

பையனிடம் ஒரு கதை சொல்லுங்கள். 2019 ஏப்ரலில் இங்கிலாந்தில் லீட்ஸ் அணிக்கும் ஆஸ்டன் வில்லாவுக்கும் ஆட்டம். லீட்ஸுக்கு ஜெயித்தே ஆக வேண்டிய நிலைமை. ஜெயித்தால்தான் நேராக மேல் டிவிஷனான பிரீமியர் லீக் போகும் வாய்ப்பு மிச்சமிருக்கும். வில்லா ஆள் ஒருவர் அடிபட்டுக் கீழே கிடக்கிறார். பந்தை வெளியே தட்டிவிடுவார்கள் என்று வில்லாக்காரர்கள் நின்றுவிட்டார்கள். லீட்ஸ் நிற்கவில்லை, கோல் போட்டுவிட்டது. நடுவரும் கோல் கொடுத்துவிட்டார். களத்தில் தள்ளுமுள்ளு. அப்போது லீட்ஸ் பயிற்சியாளர் மார்செலோ பியல்சா ஓரத்தில் நின்று கத்துகிறார்: வழியை விடுங்கள், அவர்களும் ஒன்று போடட்டும்! அவர் ஆட்களிலேயே ஒருவர் கேட்காமல் ஓடித் தடுக்கப் பார்த்தார். ஆட்டம் 1-1. அந்த வருடம் லீட்ஸ் மேலே போகவில்லை, 2020-இல்தான் போனது. ஃபிஃபா அவருக்கும் அணிக்கும் ஃபேர் பிளே விருது கொடுத்தது, அது வேறு விஷயம். கத்தும்போது விருது வரும் என்று அவருக்குத் தெரியுமா என்ன?

சரி, மாஸ்டர் விஷயத்துக்கு வருவோம். அவசரப்பட்டு இடம் மாற்றாதீர்கள். வேலைக்கும் போய்விட்டுக் கைக்காசில் பந்து வாங்கிப் போடுகிற ஆளாக இருக்கலாம். கப் ஜெயித்தால்தான் அடுத்த வருடம் ஜெர்சிக்கு யாராவது பணம் தருவார்கள். ஒரு சாயங்காலம் போய் ஓரமாக நின்று பாருங்கள். தோற்ற பிறகு எதிரணிப் பையன்களுக்குக் கை கொடுக்கிறாரா? கடைசிவரை களத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்த பையனிடம் ஒரு வார்த்தை பேசுகிறாரா? பேசுகிற ஆள் என்றால் சொன்னால் கேட்பார். தனியாகக் கூப்பிட்டு, “அண்ணா, விழச் சொல்லித்தர வேணாம்ணா” என்று சொல்லுங்கள். மகன் எதிரில் வேண்டாம். நடித்து விழுந்தால் மஞ்சள் அட்டை உண்டு என்பதையும் அவனுக்கு ஞாபகப்படுத்துங்கள், பாய் தானாக மடங்கிவிடும்.

கேள்வி: பயிற்சியாளர் அடிக்கலாமா?
– ஒரு மாணவர், தண்டையார்பேட்டை

கூடாது. என் மாஸ்டர் ஸ்கேலால் விரல் முட்டியில் அடிப்பார். ஸ்ட்ரைக்கர் தட்டுகிற விரலில்! என்ன கணக்கோ.

கேள்வி: நேர்மையாக ஆடினால் என்ன கிடைக்கும்? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சர்டிஃபிகேட்டைத்தானே பார்க்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், ராயபுரம்

ஆமாம் தம்பி, சர்டிஃபிகேட்டைத்தான் பார்க்கிறார்கள். ஒன்றும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் யோசித்துச் சொல்லவில்லை, என் வாயாலேயே ஒரு பையனுக்குச் சொன்னவன் நான்.

பத்து வருடம் இருக்கும். ஒரு போட்டியில் இறுதி ஆட்டம், கடைசி போர்டு. எங்கள் பையனுக்கு இன்னும் இரண்டு காயின்தான். ஸ்ட்ரைக்கரை வைக்கும்போது முழுக்கைச் சட்டையின் நுனி பட்டு ஒரு கறுப்புக் காயின் ஓர் அரிசி அளவு நகர்ந்தது. நடுவர் குனிந்து ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார். எதிரில் இருந்தவனும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பையன் கையை எடுத்துவிட்டு, “சார், சட்டை பட்டுச்சு” என்றான். ஃபவுல். ஒரு டியூ, அதாவது அவன் ஏற்கெனவே போட்ட காயினில் ஒன்று அபராதமாக, நடுவில் வந்து உட்கார்ந்தது, முறையும் போனது. எதிராளி வரிசையாகப் போட்டு முடித்துவிட்டான்.

வெளியே வந்து, “உன்னை யாருடா கேட்டா?” என்றேன். தெருமுனைக் கடையில் மற்றவர்களுக்கெல்லாம் டீயும் பன்னும் சொன்னேன். அவனுக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அவன் எங்கள் எல்லோருடைய பையையும் சுமந்துகொண்டு தள்ளி நின்றான்.

அடுத்த வாரம் இரண்டு பொடியன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விரல் காயினில் பட்டது. பட்டதும் அவன் எதிராளியைப் பார்க்கவில்லை, போர்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டத்தைத் தொடர்ந்தான். ஃபவுலை ஒத்துக்கொண்ட பெரியவன் மூலையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே துணியால் பவுடர் துடைத்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். “நேத்தே குடிச்சிட்டேன் மாஸ்டர்” என்று சிரித்தான். குடித்தான்.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். என் மகளுக்கு நானே கேரம் சொல்லித்தரலாமா? அப்பாவே மாஸ்டராக இருந்தால் சரிப்படுமா?
– ஒரு தந்தை, கொருக்குப்பேட்டை

பக்கத்துப் பேட்டையைப் பாருங்கள் சார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர் அப்பா, ஆட்டோ ஓட்டியவர். தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். ரெட் காயினைப் போட்டு, அதோடு சேர்த்துப் போட வேண்டிய ஃபாலோ காயினை விட்ட கதையை மட்டும் ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முன்னால் எடுக்காதீர்கள். அதை மறுநாள் போர்டில் காயின் அடுக்கும்போது பேசிக்கொள்ளலாம்.