ஆன்லைன் சந்தையில் விற்பனையாளர் மதிப்பீடுகள் சரியாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

மாதம் நாற்பது ஆர்டர்தான் வருகிறது, அதற்குள் என் மதிப்பீடுகளைக் காட்டும் டாஷ்போர்டு சிவப்பாகிவிட்டது, என்ன செய்வது, பேசாமல் புது அக்கவுண்ட் திறந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மேசை விளக்குகள் விற்கிறேன், இரண்டு தளங்களில். அந்தச் சிவப்பை நானும் பார்த்தவன்தான்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். டாஷ்போர்டில் தெரியும் இந்த மதிப்பீடுகள் எல்லாமே சதவீதங்கள். அமேசானில் ஆர்டர் டிஃபெக்ட் ரேட், அதாவது பிரச்சினையில் முடிந்த ஆர்டர்களின் விகிதம், 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 1 அல்லது 2 நட்சத்திர ஃபீட்பேக், ஏ டு இசட் கிளெய்ம் (வாங்கியவர் அமேசானிடமே பணம் கேட்டுப் போடும் புகார்), கிரெடிட் கார்டு சார்ஜ்பேக் (வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்பது) மூன்றும் இதில் சேரும். பார்ப்பது 60 நாள் ஆர்டர்களை. உங்களுக்கு அந்த 60 நாளில் எண்பது ஆர்டர் என்றால், ஒரே ஒரு கோபக்காரர் போதும், 1.25 ஆகிவிடும். ஆயிரம் ஆர்டர் பார்க்கிறவருக்கு அதே ஆள் தூசி. இது நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால் கணக்கு அப்படித்தான் ஓடுகிறது. அதனால் நம்மைப் போன்ற சின்ன ஆட்களுக்கு, வந்த புகாரைச் சமாளிப்பதைவிட அது வராமல் பார்ப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. இன்று வந்த மோசமான ஃபீட்பேக் இன்றைய கணக்கில் ஏறாது, அந்த ஆர்டர் போட்ட தேதியில் போய் உட்காரும். இந்த வாரம் ஒழுங்காக வேலை செய்தோமே, எண் ஏன் மோசமானது என்று குழம்ப வேண்டாம். அது போன மாதத்துத் தவறாக இருக்கலாம்.

என் கதைக்கு வருகிறேன். ஒரு மாடலில் கையில் ஆறு விளக்குகள். இரண்டு தளங்களிலும் ஸ்டாக் ஆறு என்றே போட்டு வைத்திருந்தேன். ஒரு சனி, ஞாயிறில் ஒன்றில் நான்கு, இன்னொன்றில் மூன்று விற்றுவிட்டன. சரி, ஒன்றுதானே இடிக்கிறது என்று அலமாரியைத் திறந்தால், ஒரு விளக்கின் மூடியில் கீறல். ஆக இரண்டு ஆர்டரை கேன்சல் செய்ய வேண்டியதாயிற்று, இரண்டும் ஒரே தளத்தில். அந்த வாரம் அங்கே மொத்தம் 22 ஆர்டர். கேன்சல் ரேட் 9 சதவீதத்தைத் தாண்டியது. அனுப்புவதற்கு முன் நாமாக கேன்சல் செய்வதற்கு அமேசான் வைத்திருக்கும் வரம்பு 2.5 சதவீதம், அதுவும் 7 நாள் கணக்கில். நான் விற்ற தளத்தின் வரம்பும் ஏறக்குறைய அதேதான்.

அப்போது ஒரு நண்பர் சொன்ன யோசனை: வாடிக்கையாளரிடம் கெஞ்சி, அவரையே கேன்சல் பட்டனை அழுத்தச் சொல். வாங்கியவர் கேட்டு கேன்சல் ஆனால் அது நம் கணக்கில் சேராது என்பது உண்மைதான். ஆனால் நம் தவறை அவர் தலையில் கட்டுவதைத் தளங்கள் விதிமீறலாகத்தான் பார்க்கின்றன. அவர் அந்தச் செய்தியை அப்படியே சப்போர்ட்டுக்கு அனுப்பிவிட்டால் முடிந்தது கதை. நான் செய்யவில்லை. ஆசை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம் ஆறு இருந்தால் ஒரு தளத்தில் நான்கு, இன்னொன்றில் ஒன்று, கையில் ஒன்று என்று பிரித்துவிடுகிறேன். வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து கையால் எண்ணுகிறேன். மென்பொருள் காட்டும் எண்ணும் அலமாரியில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகாத வாரங்கள் இன்னமும் வருகின்றன.

அடுத்தது லேட் டிஸ்பாட்ச், அதாவது சொன்ன நாளைத் தாண்டி அனுப்புவது. ஹேண்ட்லிங் டைமை (ஆர்டர் வந்து பார்சல் அனுப்பும் வரை ஆகும் நேரம்) ஒரு நாள் என்று வைத்தால் லிஸ்டிங், அதாவது பொருளின் விற்பனைப் பக்கம், பார்க்க அழகாக இருக்கும், விற்பனையும் கொஞ்சம் கூடும். தனி ஆளாக பேக்கிங் செய்கிறவர் அந்த வாக்குறுதியைக் கொடுக்கக் கூடாது. இரண்டு நாள் வையுங்கள், ஒரே நாளில் அனுப்புங்கள். வெளியூர் போகிறீர்களா, முந்தைய நாளே விடுமுறை செட்டிங்கைப் போட்டுவிடுங்கள்.

சிலர் லேட்டாகிவிடக் கூடாதென்று, பார்சல் வீட்டில் இருக்கும்போதே அனுப்பிவிட்டதாக டிக் அடிப்பார்கள். டிராக்கிங்கில் கூரியரின் முதல் ஸ்கேன் வராத வரை அந்த டிக்குக்கு அர்த்தமில்லை. அமேசானில் லேட் ஷிப்மெண்ட் 4 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும் போதாது, செல்லுபடியாகும் டிராக்கிங் 95 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். எனக்கும் இதில் ஒரு பாடம் கிடைத்தது. பிக்கப்புக்கு வருபவர் பத்து பார்சலையும் ஒரே பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய், மறுநாள்தான் ஸ்கேன் செய்வார். இப்போதெல்லாம் வாசலிலேயே ஒவ்வொன்றுக்கும் அந்த 'பீப்' சத்தம் கேட்ட பிறகுதான் பையை விடுகிறேன். முதலில் முறைத்தார், இப்போது பழகிவிட்டது.

புகார்களில் எனக்குப் பாதிக்கு மேல் வந்தது ஒரே மாதிரி: 'படத்தில் பெரிதாகத் தெரிந்தது.' உயரம் 22 செ.மீ. என்று தெளிவாகவே எழுதியிருந்தேன். யார் படிக்கிறார்கள்? விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தை வைத்துப் படம் எடுத்து, அதை இரண்டாவது படமாகப் போட்டேன். அந்தப் புகார் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. ரிட்டர்ன்களை ஒருமுறை உட்கார்ந்து படித்துப் பாருங்கள், உங்கள் லிஸ்டிங்கில் எந்த வரி, எந்தப் படம் ஏமாற்றுகிறது என்று தெரிந்துவிடும்.

மெசேஜுக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் போடுங்கள், 'பார்த்துச் சொல்கிறேன்' என்றாவது. கைவினைப் பொருட்களுக்குப் பேர்போன எட்சி தளத்தில், நல்ல விற்பனையாளருக்குத் தரும் ஸ்டார் செல்லர் பட்டம் வேண்டுமென்றால், முதல் மெசேஜ்களில் 95 சதவீதத்துக்கு அந்த 24 மணி நேரத்தில் பதில் போயிருக்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தருகிறேன், ஃபீட்பேக்கை எடுங்கள் என்று மட்டும் பேரம் பேசாதீர்கள், அது நேரடியாக விதிமீறல். அமேசானில் ஃபீட்பேக் முழுக்கப் பொருளைப் பற்றியே இருந்தால், அதை நீக்கச் சொல்லி நீங்களே விண்ணப்பிக்கலாம். பலர் இதைக் கேட்டுப் பார்ப்பதே இல்லை.

தளத்திலிருந்து ஏற்கெனவே எச்சரிக்கை வந்துவிட்டதென்றால், அவர்களுக்கு எழுதும் அப்பீலில் அழுது எழுத வேண்டாம். தவறு எங்கே நடந்தது, அந்த வாடிக்கையாளர்களுக்கு என்ன செய்தீர்கள், இனி நடக்காமல் இருக்க எதை மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். என் முதல் அப்பீல் இரண்டு பக்கம், கூரியர்காரர்மேல் முழுப் பழியும் போட்டிருந்தேன். திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது ஒன்பது வரி. அதை ஏற்றுக்கொண்டார்கள்.

புது அக்கவுண்ட் யோசனையை விட்டுவிடுங்கள். பழையது முடங்கியிருக்கும்போது அதே வங்கிக் கணக்கு, அதே முகவரி, அதே கணினியோடு புதிதாகத் திறந்தால் இரண்டையும் இணைத்துப் பார்த்து இரண்டையும் மூடுவார்கள். உங்கள் பழைய ஆர்டர்கள் 60 நாளில் தானாகக் கணக்கிலிருந்து நகர்ந்துவிடும். அதுவரை எந்த மாடலில் ஸ்டாக் சந்தேகமோ, அதை மட்டும் லிஸ்டிங்கிலிருந்து இறக்கி வையுங்கள்.