மதுரை வெயிலுக்கும் மலைக் குளிருக்கும் ஏடிவிக்கு (கரடுமுரடான நிலத்தில் ஓடும் நாற்சக்கர வண்டி) ஒரே சிந்தெடிக் ஆயில் போதுமா?

போதும். உங்கள் வண்டியின் கையேடு வேறு சொல்லாதவரை, ஜாசோ எம்ஏ2 (ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜப்பானியத் தரம்) முத்திரை உள்ள 10டபிள்யூ-40 முழு சிந்தெடிக் ஆயிலை ஆண்டு முழுவதும் ஊற்றலாம். நத்தம் மாந்தோப்பில் 40 டிகிரி, ஜனவரியில் மன்னவனூர் தோட்டத்தில் உறைபனி, பருவத்துக்கு ஓர் ஆயில் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இன்ஜின் ஆயிலும் அப்படியே ஆகிவிடும் என்ற அச்சம் வருவது இயல்புதான். ஆனால் டபிள்யூவுக்கு முன் உள்ள எண் குறையக் குறைய ஆயில் அதிகக் குளிரைத் தாங்கும். ஆயிலின் தடிமனை வகைப்படுத்தும் எஸ்ஏஇ தரப்படி 10டபிள்யூ ஆயிலின் குளிர்த் திறனைச் சோதிப்பது மைனஸ் 25 டிகிரியில். 20டபிள்யூ ஆயிலுக்கே மைனஸ் 15. மன்னவனூரில் புல் வெளுத்துக் கிடக்கும் காலையிலும் குளிர் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே 0டபிள்யூ, 5டபிள்யூ என்று தேடிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. போலாரிஸ் வண்டிகள் பலவற்றுக்கு அந்த நிறுவனமே 5டபிள்யூ-50 கேட்கிறது. அப்படிக் கையேட்டில் இருந்தால் அதையே ஊற்றுங்கள்.

இதைவிட முக்கியமானது கிளட்ச். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மதுரையில் உள்ள ஒரு பட்டறை.

எனக்கு வாடிப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு. என் மச்சினனுக்குத் தாண்டிக்குடியில் காபியும் மிளகும். என் ஏடிவியைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது என்பதால் சரக்கு வேனில் ஏற்றி, வத்தலக்குண்டு வழியாக மேலே கொண்டுபோவோம். பணக்காரர் விளையாட்டுப் பொருள் என்று எழுத வருகிறவர்கள், ஆள் கிடைக்காத நாளில் உர மூட்டையைச் சரிவில் தலைச்சுமையாக ஏற்றிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

காபிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு முன் வண்டியை சர்வீசுக்கு விட்டிருந்தேன். எம்ஏ2 ஆயில்தான் வேண்டும் என்று சீட்டில் எழுதியே கொடுத்தேன். மலையில் மூட்டை ஏற்றிய முதல் நாளே மச்சினன், “மச்சான், இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை” என்றான். நான் ஏறிப் பார்த்தேன். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தச் சத்தம் மட்டும் உயர்ந்தது. சக்கரம் மண்ணில் சறுக்கக்கூட இல்லை. ஆயில் அளவுக் கம்பியை உருவி முகர்ந்தால் கருகிய வாடை.

பட்டறைக்குப் போன் செய்தேன். “சார், இருப்பதிலேயே விலை உயர்ந்த சிந்தெடிக் போட்டிருக்கிறோம்” என்றார்கள். டப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கார் ஆயில், 5டபிள்யூ-30. பின்புற வட்ட முத்திரையின் கீழ் வளைவில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்று இருந்தது. எரிபொருளை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் வகை அது. காருக்கு நல்லது, ஏனென்றால் காரின் கிளட்ச் இன்ஜின் ஆயிலில் நனைவதில்லை. என் வண்டியின் கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில் மூழ்கியிருக்கின்றன; அவற்றுக்குப் பிடிமானமே உராய்வுதான். ஆயிலை வடித்து மாற்றியும் வழுக்கல் முழுதாகப் போகவில்லை. தட்டுகள் பளபளவென்று மெருகேறிவிட்டன. புதுத் தட்டுகளுக்கான செலவு என் தலையில் விழுந்தது. பில்லில் ‘சிந்தெடிக் ஆயில்’ என்று மட்டும் இருந்ததால் அவர்கள் பொறுப்பேற்கவில்லை.

இன்ஜின் விசையை பெல்ட் மட்டுமே சக்கரத்துக்குக் கடத்தும் வண்டிக்கு இது பொருந்தாதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் பெல்ட்டோடு ஆயிலில் நனைந்த கிளட்சும் உள்ள ஏடிவிகள் இருக்கின்றன. உங்களுடையது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எம்ஏ, எம்ஏ2 இரண்டும் நனைந்த கிளட்சுக்கானவை, எம்ஏ2 கூடுதல் பிடிமானம் தரும். ஸ்கூட்டர்களுக்கான எம்பி முத்திரை ஆயில் வேண்டாம்.

மினரல் ஆயில் ஊற்றியே காலம் தள்ளினோம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சுமையோடு நடை வேகத்தில் ஊரும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது. சித்திரை வெயிலில் ஆயில் கொதிக்கும். அந்தச் சூட்டில் சிந்தெடிக் சீக்கிரம் கெடாது, நீர்த்தும் போகாது. அதற்காக மாற்றும் காலத்தைத் தள்ளிப்போடாதீர்கள். செம்மண் தூசி உள்ளே போனால் எந்த ஆயிலும் காப்பாற்றாது, ஏர் பில்டரைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டும். கிலோமீட்டரைவிட இன்ஜின் ஓடிய மணிநேரத்தைக் கணக்கில் வையுங்கள். மலையில் குளிர் காலையில் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதையும் தவிருங்கள். சூடேறாத இன்ஜினில் நீரும் பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்கிவிடும்.

     

ஆயிலை நீங்களே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள். மூடியின் சீல் உங்கள் கண்ணெதிரே உடையட்டும். பில்லில் தரமும் எம்ஏ2 என்பதும் எழுதி வாங்குங்கள். காலி டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். அதில்தான் போலி ஆயிலை நிரப்பி மறுபடி விற்கிறார்கள்.