டி.எஸ்.ஹெச். 7.2... மாத்திரை இல்லாமல் சமாளிக்க முடியுமா?

கேள்வி: வயது 38. ஆறு மாதமாக ஒரே அசதி. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, மலச்சிக்கல் இருக்கிறது, எடையும் 5 கிலோ கூடிவிட்டது. தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். 7.2 என்று வந்தது. டி4 அளவு சரியாக இருக்கிறதாம். டாக்டர் 25 மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் நான் அதைத் தொடவே இல்லை. முட்டைகோஸை நிறுத்திவிட்டு, சமையலுக்கு இந்துப்பு வாங்க ஆரம்பித்திருக்கிறேன். இயற்கையாகவே சரிசெய்ய வழி இருக்கிறதா?
- திருச்சி வாசகி

பதில்: முதலில் அந்த இந்துப்பை ஓரமாக எடுத்து வையுங்கள். தைராய்டுக்கு நல்லது என்று நினைத்து நீங்கள் செய்த மாற்றங்களில் உண்மையிலேயே கவலை தருவது அதுதான்.

தைராய்டு ஹார்மோனின் மூலப்பொருள் அயோடின். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள டி4 அந்த ஹார்மோன்தான். பெயரில் இருக்கும் 4, அதிலுள்ள நான்கு அயோடின் அணுக்களைத்தான் குறிக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் தேவை, கர்ப்பிணிகளுக்கு 250. அயோடின் சேர்த்த பாக்கெட் உப்பில், நம் கைக்கு வரும்போது கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. மீதி பால், தயிர், முட்டை, கடல் மீனிலிருந்து வந்துவிடும். இந்துப்பில் இருக்கும் அயோடின் கணக்கில் சேராது. கல் உப்புதான் பிடிக்கும் என்றால் அயோடின் சேர்த்ததே கிடைக்கிறது, பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். மூடி போட்ட டப்பாவில் வைத்து, குழம்பு இறக்கும் நேரத்தில் போட்டால் அயோடின் அதிகம் வீணாகாது.

அதற்காக உப்பை அள்ளிப் போடவும் வேண்டாம், கடல்பாசி மாத்திரை வாங்கவும் வேண்டாம். அயோடின் உப்பு புழக்கத்தில் உள்ள ஊர்களில் தைராய்டு மந்தமாவதற்கு முக்கியக் காரணம், நம் நோய் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான். ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912-ல் விவரித்ததால் அவர் பெயரிலேயே இந்த நோய் வழங்குகிறது. இதில் அளவுக்கு மீறிய அயோடின் நிலைமையை இன்னும் மோசமாக்கலாம்.

இப்போது உங்கள் 7.2. தைராய்டு சுணங்கினால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சத்தம் போட்டு வேலை வாங்கும். அந்தச் சத்தம்தான் டி.எஸ்.ஹெச். உங்களுக்குச் சத்தம் கூடியிருக்கிறது, ஆனால் வேலை நடக்கிறது, டி4 சரியாகவே இருக்கிறது. இது ஆரம்பக் கட்டம். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் தானாகவே இறங்கியிருப்பவர்களும் உண்டு. ஆகவே ஆயுசுக்கும் மாத்திரை என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் மாத்திரை போடவில்லை என்பதை உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். போடுகிறீர்கள் என்று நினைத்து அவர் அடுத்த முறை அளவைக் கூட்டிவிடக் கூடாது.

அசதி, முடி உதிர்வு இரண்டையும் வைத்து மட்டும் தைராய்டு என்று சொல்லிவிட முடியாது. ரத்தசோகையும் தூக்கக் குறைவும் இதே வேலையைச் செய்யும். நான் வேறு சிலவற்றையும் பார்ப்பேன். குரல் கரகரத்திருக்கிறதா, புருவத்தின் வெளி ஓரம் மெலிந்திருக்கிறதா, நாடி நிதானமாகத் துடிக்கிறதா, மாதவிலக்கில் போக்கு கூடியிருக்கிறதா. சித்திரை வெயிலில் வீடே ஃபேனுக்கு அடியில் கிடக்க, நீங்கள் மட்டும் போர்வையைத் தேடினால் அதையும் குறித்துக்கொள்வேன். நாற்காலியில் முட்டி போடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டுவதும் உண்டு. பாதம் வெடுக்கென்று அசையும், ஆனால் தைராய்டு நன்றாகக் குறைந்தவர்களுக்குப் பழைய இடத்துக்குத் திரும்ப நேரம் எடுக்கும். எடையைப் பொறுத்தவரை, தைராய்டு ஏற்றுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய உப்பும் நீரும். உங்கள் 5 கிலோ முழுவதையும் 7.2 தலையில் கட்ட மாட்டேன்.

முட்டைகோஸ், மரவள்ளி, கம்பு மூன்றும் அளவுக்கு மீறினால் தைராய்டின் வேலைக்கு இடைஞ்சல் செய்யலாம் என்பார்கள். ஆனாலும் முட்டைகோஸ் பாவம். வேகவைத்துப் பொரியலாக வாரத்தில் இரண்டு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. மரவள்ளிக்கிழங்கை வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். மூன்று வேளையும் கம்பு மட்டுமே என்ற பிடிவாதம் வேண்டாம். நீங்கள் கவனிக்க வேண்டியது இரும்புச்சத்து. தைராய்டு ஹார்மோனைத் தயாரிக்கும் நொதிக்கே இரும்பு வேண்டும். ஈரல், முருங்கைக்கீரை, கூடவே எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். தைராய்டுக்குத் தேவையான செலினியம் என்ற தாதுவுக்கு மீனும் முட்டையும் போதும். தனியா ஊறவைத்த தண்ணீர் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், அதை நம்பி மருந்தை விடாமல் இருந்தால் சரி. அமுக்கரா சூரணம் மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம், அது தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடக் கூடும்.

மாத்திரை தேவை என்றே முடிவானால், விழுங்கும் முறைதான் பாதி வைத்தியம். என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கு மாத்திரையை 50 மைக்ரோகிராமிலிருந்து 100 வரை ஏற்றியும் டி.எஸ்.ஹெச். அசையவில்லை. "எப்படிப் போடுறீங்க?" என்று கேட்டேன். அட்டை இருப்பது அடுப்புக்கு மேல் அலமாரியில். விழுங்குவது முதல் டம்ளர் ஃபில்டர் காபியோடு! வெறும் வயிற்றில், தண்ணீரில் போட்டு, அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அட்டை வெப்பமும் ஈரமும் படாத இடத்தில் இருக்கட்டும். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் பரிசோதனை, அதற்கு முன் பார்த்துப் பயனில்லை.

இரண்டு மாதம் கழித்து டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி4, டி.பி.ஓ. ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புச் சக்தி தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டுவது), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்பின் இருப்பு) எல்லாவற்றையும் முன்பு பார்த்த அதே லேபில் பாருங்கள். முடிக்காக பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களென்றால் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ரிசல்ட் தப்பாக வரலாம். டி.எஸ்.ஹெச். 10-ஐத் தாண்டினால் தயங்காமல் மாத்திரையை ஆரம்பியுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அடுத்த குழந்தைக்கு யோசித்துக்கொண்டிருந்தாலோ இந்த இரண்டு மாதக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.