கோட்டும் ஹூடியும் ஒரே உடுப்புல: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அக்கா, ப்ளேசர்ல ஒரு ஹூடு வச்சு தைச்சா ஸ்ட்ரீட்வேர் (ஹூடி, ஸ்னீக்கர் மாதிரி தெரு ஸ்டைல்) லுக் வந்துடுமா?

பதில்: வராது தம்பி, ஹூடு வச்ச ப்ளேசர்தான் வரும். ஃபார்மலும் ஸ்ட்ரீட்வேரும் கலக்குறது பேட்டர்ன்லயே ஆரம்பிக்கணும், அதுலயும் மொதல்ல ஷோல்டர். ஷோல்டர் பேட், உள்ள வெறைப்புக்கு வைக்கிற கேன்வாஸ், உசரமான ஆர்ம்ஹோல் (கை சேருற ஓட்டை) மூணும் சேர்ந்துதான் ஃபார்மல் கோட்டுக்கு அந்த வெறைப்பைத் தருது. பேடை எடுத்துட்டு, லைனிங்கை பாதியாக்கி, ஷோல்டர் தையலை ரெண்டு மூணு சென்டிமீட்டர் இறக்கி, ஆர்ம்ஹோலையும் கூடவே இறக்கினீங்கன்னா அதே கோட்டு ஹூடி மாதிரி லூசா விழும், ஆனா காலரும் லேப்பலும் (மார்புல மடிஞ்சு நிக்கிற பகுதி) கூர்மையா நிக்கணும், அங்க மட்டும் கேன்வாஸ்ல கை வைக்காதீங்க. ஷோல்டரை இறக்கினா ஸ்லீவ் கேப் (கைத்துணியோட மேல் வளைவு) உசரத்தையும் குறைக்கணும், இல்லன்னா கை சரியா உக்காராது. 1970கள்ல இத்தாலிய டிசைனர் அர்மானி கோட்டை இளக்கினதும் இந்த வழியிலதான், உள்ள இருந்த கெட்டிச் சமாச்சாரத்தை உருவிட்டாரு.

கேள்வி: சூட்டிங் துணில பாடி, ஸ்வெட்ஷர்ட் துணில கை. ஜாயின்ட் பண்ண இடம் அலை அலையா வருதே?

பதில்: ஸ்வெட்ஷர்ட் துணி நிட், அதாவது பின்னல் துணி, அது இழுபடுது, சூட்டிங் இழுபடல, அதான். தைக்கிறப்போ நிட்டை அடியில வைங்க, ஃபுட் ப்ரஷரை குறைங்க, முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி போடுங்க. ஷோல்டர் தையல்ல டேப் வச்சு தைங்க. காட்டன் நிட்டை வெட்டுறதுக்கு முன்னாடியே அலசிடுங்க, பின்னாடி சுருங்குனா மொத்த வேலையும் போச்சு. வெயிட்டும் பாருங்க, 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கம்பளித் துணில 400 ஜிஎஸ்எம் ஃப்ளீஸ் (தடிமனான ஸ்வெட்ஷர்ட் துணி) கையை மாட்டுனா ஷோல்டரையே கீழ இழுத்துடும்.

கேள்வி: பேன்ட்டு? ஸ்னீக்கரோட போடணும்.

பதில்: முன்பக்கம் இடுப்புல ப்ளீட் (தைச்ச மடிப்பு), பின் இடுப்புல மட்டும் எலாஸ்டிக். ஹெம் ஷூவைத் தொட்டும் தொடாம நிக்கட்டும். அயர்ன் மடிப்பு கட்டாயம், அது போச்சுன்னா வெறும் ட்ராக் பேன்ட்டுதான்.

கேள்வி: இது ரெண்டு வருஷத்துல போயிடுற ட்ரெண்ட்தானே மேடம்?

பதில்: இல்லவே இல்ல. ஸ்ட்ரீட்வேர் டிசைனர் வர்ஜில் அப்லோ 2018ல லூயி விட்டான் கம்பெனியோட ஆண்கள் பிரிவுக்குத் தலைமை டிசைனரா வந்தப்போ புதுசு மாதிரி பேசினாங்க, ஆனா தெருப் பசங்க சூட்டை எப்பவோ தங்களோடதா ஆக்கிட்டாங்க. 1940கள்ல அமெரிக்காவுல கருப்பின, மெக்ஸிகன் வம்சாவளி பசங்க போட்ட ஸூட் சூட்டைத் (zoot suit) தேடிப் பாருங்க, அகலமான ஷோல்டர், முழங்கால் வரை கோட்டு, கணுக்கால்ல இறுகுற தொளதொள பேன்ட்டு. போர்க்காலத்துல கம்பளிக்குக் கட்டுப்பாடு, அப்போ இவ்வளவு துணில சூட்டு போட்டது தேசத்துரோகம்னு 1943ல லாஸ் ஏஞ்சலஸ்ல படைவீரர்கள் அவங்களை அடிச்சு, போட்டிருந்த சூட்டையே கிழிச்சு எறிஞ்சாங்க. அவ்வளவு அடி வாங்கின கட்டிங் இது. வெறும் ட்ரெண்ட்னு சொல்ல எனக்கு மனசு வரல.

கேள்வி: போர்ட்ஃபோலியோவுக்கு மொதல்ல என்ன தைக்கலாம்?

பதில்: ஒரே ஒரு கோட்டு, ஒரே கலர், லோகோ வேணாம், கட்டிங் தெரியட்டும். மொதல்ல காடா துணில மாதிரி தைச்சு, உள்ள தடிமனா ஒரு ஹூடி போட்டு அதுமேல மாட்டி, கையைத் தூக்கி, உக்காந்து எந்திரிச்சு பாருங்க. எங்க பிடிக்குதோ அங்க மார்க் பண்ணி பேட்டர்னைத் திருத்திட்டு அப்புறமா நல்ல துணில கத்தரி வைங்க.