பழைய லேப்டாப் யாருக்கு?

கேள்வி: கணவரின் பழைய விண்டோஸ் 10 லேப்டாப் சும்மா கிடக்கிறது. ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கேட்கிறாள். கொடுக்கலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: தாராளமாக. முதலில் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பாகம் உப்பியிருந்தால் பேட்டரி வீங்கிவிட்டது, சர்வீஸ் கடையில் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, அதாவது பாதுகாப்பு அப்டேட்களை, மைக்ரோசாப்ட் 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது. அதனால் அப்பாவின் ஃபைல்களை எடுத்துக்கொண்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுவிடுங்கள், காசு கிடையாது. கூடவே டக்ஸ் பெயின்ட் என்ற, குழந்தைகள் படம் வரையும் மென்பொருள். என் பேத்தி அதில் திரை முழுக்க முத்திரை குத்தி, "தாத்தா, எண்ணு" என்பாள்! இணையமே வேண்டாம், வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லாதீர்கள். சரி, நேரக் கட்டுப்பாடு? பேட்டரி வீங்காமல் இருந்தால் சார்ஜரை ஒளித்துவையுங்கள். கிழட்டு பேட்டரி சீக்கிரமே படுத்துவிடும். திட்டு அதற்குத்தான், உங்களுக்கில்லை.