ஆழ்கடல் நொதிகள்: கேட்டவர்களுக்குப் பதில்

டிஎன்ஏவைச் சூடாக்கி ஆறவைத்துப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் கருவியோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, கொதிநீரில் முட்டை வெந்துவிடுகிறது. நொதியும் புரதம்தானே, எப்படித் தாங்குகிறது?

சாதாரணப் புரதம் என்றால் வெந்துதான் போகும். ஆனால் கலிபோர்னியா வளைகுடாவின் குவாய்மாஸ் படுகையில், 2,010 மீட்டர் ஆழத்து வெந்நீர் ஊற்றில் கிடைத்த பைரோகாக்கஸ் என்ற நுண்ணுயிர் ஒன்று 104 டிகிரி செல்சியஸிலும் வளர்கிறது. அதன் டிஎன்ஏ பாலிமரேஸை, அதாவது டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியைத்தான் ‘டீப் வென்ட்’ என்று விற்கிறார்கள். 95 டிகிரியில் பாதித் திறனை இழக்க, பிசிஆரில் வழக்கமாகப் போடும் டாக் நொதிக்குச் சுமார் 1.6 மணி நேரம். இதற்கு 23 மணி நேரம்.

கேள்வி: டாக் மலிவாயிற்றே, அது போதாதா?

துண்டு பெருகியதா என்று பார்க்கும் ஜெல்லில் பட்டை தெரிந்தால் போதும் என்பவருக்குத் தாராளமாகப் போதும். டாக் எழுதியதைத் திரும்பிப் பார்க்காது. டீப் வென்ட் தப்பான எழுத்தை வெட்டிவிட்டு மறுபடி எழுதும். குளோனிங் செய்கிறவர், அதாவது துண்டை வேறோர் உயிரணுவுக்குள் வைத்துப் பெருக்குகிறவர், காசு கொடுப்பது இதற்காகத்தான். வெப்பம் தாங்குவது அப்புறம்.

கேள்வி: டீப் வென்டில் பெருக்கிய துண்டு டி-வெக்டரில் (துண்டைச் சுமக்கும் டிஎன்ஏ, நுனியில் ‘டி’ எழுத்து நீட்டியிருக்கும்) மூன்று முறையும் ஒட்டவில்லை. என்ன தவறு?

தம்பி, இதில் நானும் ஒரு வாரத்தைத் தொலைத்தவன். டாக் நுனியில் ஒரு ‘ஏ’ என்ற டிஎன்ஏ எழுத்தைக் கூடுதலாக விட்டுவைக்கும், அதுதான் வெக்டரின் ‘டி’யோடு சேர்கிறது. டீப் வென்ட் விடுவது பெரும்பாலும் மொட்டை நுனி. துண்டைச் சுத்திகரிப்புக் குழலில் (column) சுத்தம் செய்து, டாக்கும், ‘ஏ’ எழுத்துக்கான மூலப்பொருளான டிஏடிபியும் சேர்த்து 72 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். சுத்தம் செய்யாவிட்டால், மிஞ்சிய டீப் வென்ட் அந்த ‘ஏ’யைக் கடித்துவிடும். அதே பழக்கத்தால் பிரைமரையும் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) மெல்லும். ஆகவே பனிக்கட்டி மேல் கலந்து, நொதியைக் கடைசியில் சேர்ப்பது நல்லது.

கேள்வி: இதே வேலைக்கு விற்கும் வென்ட், பிஎஃப்யு நொதிகளும் ஆழ்கடலில் கிடைத்தவையா?

இல்லை. இரண்டும் இத்தாலிக் கரையோரம் ஆழமில்லாத கடலில் கிடைத்தவை: வென்ட் நேப்பிள்ஸ் அருகே, பிஎஃப்யு வுல்கானோ தீவில். சூடு எரிமலை தந்தது.

கேள்வி: நொதி தீர்ந்தால் மறுபடி கடலுக்குள் இறங்க வேண்டுமா?

வேண்டாம். நொதியின் மரபணுவை ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டார்கள், அதுவே நொதியைத் தயாரிக்கும். இவ்வகை நொதிகளைப் பிரிப்பதும் வேடிக்கைதான். ஈ. கோலையை உடைத்த கரைசலை 75 டிகிரியில் அரை மணி வைத்தால், அதன் சொந்தப் புரதங்கள் பால் திரிவதுபோல் திரிந்துவிடும். மையவிலக்கியில் சுற்றினால் கட்டி அடியில் தங்கும். தெளிந்த மேல் நீரில் நமக்கு வேண்டிய நொதி.