வாசகர் கேள்வி – பதில்: கடைசிச் சுற்றில் வரும் நீல ஓடு

நண்பர்களோடு கூடி விளையாடும் கார்ட் (சின்ன வண்டி) பந்தய விளையாட்டுகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் ஆடும் மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் விளையாட்டில் இரண்டரைச் சுற்று வரை நான்தான் முதலிடத்தில் இருக்கிறேன். முடிவுக்கோடு கண்ணில் படும் நேரத்தில் பின்னாலிருந்து யாரோ ஏவிய நீல ஆமை ஓடு வந்து வண்டியைத் தூக்கி அடிக்கிறது; நண்பர்கள் மூவரும் சிரித்தபடி என்னைக் கடந்து போகிறார்கள். திறமைக்கு மதிப்பில்லாத இதை எப்படிப் பந்தயம் என்று ஏற்பது?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: முள் பதித்த அந்த நீல ஆமை ஓடு 1996இல் வெளியான மாரியோ கார்ட் 64 விளையாட்டில் அறிமுகமானது, முன்னணியில் ஓட்டுபவர்கள் அன்று தொடங்கிய வசைபாடலை இன்னும் நிறுத்தவில்லை. ஆனால், அது உங்களைத் தேடி வருவது தற்செயல் அன்று. தடத்தில் மிதக்கும் பெட்டிகளை உடைக்கும்போது யாருக்கு எந்தப் பொருள் கிடைக்கும் என்பது, அவர் முதலிடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் பின்தங்கியிருக்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. முன்னால் ஓடுபவருக்குப் பெரும்பாலும் நாணயமும் வாழைப்பழமும்தான் கிடைக்கும். கடைசியில் தடுமாறுபவருக்கு நட்சத்திரமும், மற்ற எல்லோரையும் சுருக்கிவிடும் மின்னலும் கிடைக்கும்.

இந்த ஓரவஞ்சனையின் வேரைத் தேடினால் 1992க்குப் போக வேண்டும். அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன் நின்டெண்டோ வெளியிட்ட எஃப்-ஸீரோ என்னும் பந்தய விளையாட்டை ஒருவர் மட்டுமே ஆட முடிந்தது. அதைப் போன்ற ஒன்றை இருவர் ஒரே திரையில் ஆடும்படி செய்ய முயன்றபோது, திரையை இரண்டாகப் பிரித்தால் அவ்வளவு வேகத்தையும் நீண்ட நேர்த்தடங்களையும் அன்றைய கருவியால் காட்ட இயலவில்லை. அதனால் சிறிய வளைந்த தடங்களுக்கும், அவற்றுக்குப் பொருத்தமான சின்ன வண்டிகளுக்கும் இறங்கி வந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் சூப்பர் மாரியோ கார்ட். ஆக, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிற, ஒரே அளவு திறமை இல்லாத இருவரை மனத்தில் வைத்தே இது தொடங்கியிருக்கிறது. நீங்களே எப்போதும் ஜெயித்துக்கொண்டிருந்தால் நான்காவது பந்தயத்தில் உங்கள் நண்பர்கள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவார்கள்; அதன்பின் யாரை ஜெயிப்பீர்கள்?

தப்பிக்க வழியே இல்லை என்று எண்ண வேண்டாம். பெட்டியிலிருந்து சூப்பர் ஹார்ன் என்னும் ஊதுகுழல் கிடைத்தால் அதை வீணாக்காமல் கடைசிச் சுற்று வரை வைத்திருங்கள். அதன் ஒலியலை நீல ஓட்டையும் உடைத்துவிடும். ஓடு தலைக்கு மேல் வட்டமிட்டு இறங்கும் அந்த நொடியில், வேகம் கூட்டும் காளானைப் பயன்படுத்திப் பாய்ந்து தப்புகிறவர்களும் உண்டு, அதற்குக் கை பழக வேண்டும். டீலக்ஸ் பதிப்பில் ஒரே நேரத்தில் இரண்டு பொருள்களை வைத்திருக்கலாம் என்பதால், ஒன்றை இதற்கென்றே ஒதுக்குவது கஞ்சத்தனம் ஆகாது. எதுவுமே கையில் இல்லையென்றால், எச்சரிக்கைக் குறி தோன்றியவுடன் பிரேக்கை அழுத்தி, உங்களுக்குப் பின்னால் வருபவரை முன்னே போக விடுங்கள். அவர் புத்திசாலியாக இருந்து அவரும் பிரேக் போட்டால், இருவரும் அருகருகே இருக்கும்போது ஓடு வெடிக்கும். வெடிப்பு அவரையும் சேர்த்தே தூக்கும். தனியாக நஷ்டப்படுவதற்கு இது பரவாயில்லை.

கணக்கையும் பாருங்கள். 12 பேர் ஓடும் பந்தயத்தில் முதலிடத்துக்கு 15, இரண்டாமிடத்துக்கு 12, மூன்றாமிடத்துக்கு 10 புள்ளிகள். ஒரு கோப்பைக்கு 4 பந்தயங்கள் என்பதால், ஒரே ஓர் ஓடு உங்கள் மாலையைக் கெடுக்கலாமே தவிர, கோப்பையைப் பறிப்பது அரிது. எந்தெந்தப் பொருள்கள் வர வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கும் வசதி 2022 டிசம்பரில் வந்த மேம்படுத்தலில் சேர்ந்தது. நீல ஓட்டை மட்டும் நீக்கிவிட்டு விளையாட முடியும். நானும் ஒரு முறை அப்படிச் செய்து பார்த்தேன். மூன்றாவது பந்தயத்தில், கடைசியில் ஓடிய இருவர் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: வளைவு வந்தால் நான் வேகத்தைக் குறைத்து, பத்திரமாகத் திரும்புகிறேன். தோழிகளின் வண்டிகளோ பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு, சக்கரத்தில் பொறி பறக்க, என்னைத் தாண்டிப் போகின்றன. இது என்ன வித்தை?
– அண்மையில் விளையாடத் தொடங்கிய வாசகி

பதில்: ட்ரிஃப்ட் என்று சொல்வார்கள்; இந்த விளையாட்டில் கற்றுக்கொள்ள வேண்டிய கலை என்று ஒன்றிருந்தால் அது இதுதான். வளைவு தொடங்குவதற்குச் சற்று முன்பே ட்ரிஃப்ட் பொத்தானை அழுத்தினால் வண்டி ஒரு சிறு துள்ளல் துள்ளும்; துள்ளும்போதே திரும்ப வேண்டிய பக்கம் ஸ்டிக்கைச் சாய்த்து, பொத்தானை விடாமல் பிடித்திருக்க வேண்டும். சக்கரத்தில் முதலில் நீலப் பொறி, பிறகு ஆரஞ்சு, டீலக்ஸ் பதிப்பில் அதற்கும் பிறகு இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பொறி தோன்றும். பொத்தானை விட்டதும் வண்டி முன்னோக்கிப் பாயும். பொறியின் நிறம் எந்தப் படிக்கு உயர்ந்ததோ அதற்கேற்ப அந்தப் பாய்ச்சல் நீளும். வேகத்தைக் குறைத்துத் திரும்பும் நீங்கள் வளைவில் இழப்பதை, அவர்கள் அதே வளைவில் சம்பாதிக்கிறார்கள்.

புதியவர்கள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் இரண்டுதான். வளைவுக்குள் நுழைந்த பிறகு ட்ரிஃப்டைத் தொடங்கி வெளிச்சுவரில் போய் மோதுவது ஒன்று. வண்டியின் மூக்கு இன்னும் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பொறியின் நிறம் மாறிய ஆசையில் பொத்தானை விட்டுவிடுவது மற்றொன்று. கிடைத்த பாய்ச்சல் அவர்களைப் புல்லுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். உள்பக்கம் அதிகமாக இழுத்தால் ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் மெல்லச் சாயுங்கள், சறுக்கலின் வட்டம் அகலும். தொடக்கத்தில் நீலப் பொறியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

பழகுவதற்கு டைம் ட்ரையல் என்னும் தனியாட்டம் இருக்கிறது. அங்கே எதிரிகள் கிடையாது, பெட்டிகள் கிடையாது, கையில் மூன்று காளான்கள் மட்டும் இருக்கும். பத்துத் தடங்களை ஒவ்வொரு முறை சுற்றுவதைவிட, ஒரே தடத்தைப் பத்து முறை சுற்றுங்கள். இன்னொன்று: தொடக்கத்தில் 3, 2, 1 என்று எண்ணும்போது, 2 தோன்றியதும் முடுக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் புறப்படும்போதே ஒரு பாய்ச்சல் கிடைக்கும். தோழிகள் இதை உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

கேள்வி: கனமான ஓட்டுநரைத் தேர்ந்தெடுப்பதா, இலேசானவரையா?

பதில்: கனமானவருக்கு உச்ச வேகம் அதிகம், இலேசானவர் அடிபட்டு நின்றாலும் சட்டென்று மறுபடி வேகம் பிடிப்பார். அடிக்கடி அடி வாங்குகிறவரானால் இலேசானவரை எடுங்கள்.

கேள்வி: இருவர் ஆடும்போது படம் வழுக்கிக்கொண்டு போகிறது, நால்வர் சேர்ந்ததும் சற்றுத் திக்கித் திக்கி நகர்வதுபோல் தோன்றுகிறது. தொலைக்காட்சியில் கோளாறா?

பதில்: தொலைக்காட்சியின் மீது பழி போட வேண்டாம். ஒருவரோ இருவரோ ஆடும்வரை கன்சோல் நொடிக்கு 60 படங்களை வரைகிறது. மூவரோ நால்வரோ ஆனதும் திரையை நான்கு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிக்காட்சி வரைய வேண்டியிருப்பதால், அதை 30 ஆகக் குறைத்துக்கொள்கிறது. பொத்தானை அழுத்திய பிறகு வண்டி தாமதித்துத் திரும்புவதாகத் தோன்றினால் மட்டும் தொலைக்காட்சியின் அமைப்புகளில் கேம் மோட் என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பக்கத்துக் கட்டத்தை எட்டிப் பார்த்து, நண்பர் கையில் என்ன வைத்திருக்கிறார் என்று அறிந்துகொள்வது ஏமாற்று வேலையா என்று இதே வாசகர் பின்குறிப்பில் கேட்டிருக்கிறார். ஒரே திரையில் ஆடுவதன் பாதிச் சுவையே அதுதான்.

கேள்வி: எட்டு வயது மகளும் என் அப்பாவும் எங்களோடு சேர விரும்புகிறார்கள். தடத்தைவிட்டு விழுந்துகொண்டே இருப்பதால் ஒரே பந்தயத்தில் சலித்துப் போகிறார்கள்.

பதில்: வண்டியைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே ஸ்மார்ட் ஸ்டியரிங், தானாக முடுக்கல் என்ற இரண்டு உதவிகள் இருக்கின்றன. முதலாவது, வண்டி தடத்தைவிட்டு விலகும்போது அதைத் திருப்பிக்கொண்டு வரும். இரண்டாவது, பொத்தானை அழுத்தாமலே வண்டியை ஓட வைக்கும். ஸ்மார்ட் ஸ்டியரிங் இயங்கும்போது வண்டியின் பின்புறம் சிறிய ஆன்டெனா ஒன்று தெரியும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்; குறுக்குவழிகளில் நுழைய விடாமல் தடுப்பதும் அதுவே என்பதை அறியாமல், பல மாதங்கள் அதோடு ஆடியவர்களைக் கண்டிருக்கிறேன்.

சிவப்பு அணி, நீல அணி என்று பிரிந்து ஆடும் வகையில், தாத்தாவையும் நன்றாக ஓட்டுபவரையும் ஓர் அணியில் சேர்க்கலாம். மாரியோ கார்ட் தொடரில் 2003இல் வந்த டபுள் டேஷ் பாகத்தில் ஒரே வண்டியில் இருவர் ஏறி, ஒருவர் ஓட்ட, மற்றவர் பொருள்களை வீசலாம். தாத்தாவுக்கும் பேத்திக்கும் அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. தொடரின் அடுத்த பாகங்களில் அதைக் கைவிட்டது இன்றும் எனக்கு வருத்தமே.

கேள்வி: வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நாங்கள் இணையம் வழியாக ஆடுகிறோம். நான் எறிந்த பச்சை ஆமை ஓடு நண்பன் வண்டியில் பட்டதை நான் பார்த்தேன். படவே இல்லை என்று அவன் சாதிக்கிறான். யார் பொய் சொல்வது?

பதில்: இருவரும் உண்மையைத்தான் சொல்கிறீர்கள். நண்பரின் வண்டி இருக்கும் இடம் பற்றிய தகவல் உங்களை வந்தடையச் சிறிது நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் வண்டி எங்கே போயிருக்கும் என்று உங்கள் கன்சோல் ஊகித்து வரைகிறது. நீங்கள் அடித்தது அந்த ஊகத்தை. தாமதத்தைக் குறைக்க வைஃபைக்குப் பதிலாகக் கேபிள் இணைப்பைப் பயன்படுத்துங்கள். 2021இல் வந்த ஓலெட் ஸ்விட்ச் கன்சோலின் டாக்கில் (தொலைக்காட்சியோடு இணைக்கும் தாங்கியில்) அதற்கான துளை உண்டு, பழைய டாக்குக்குத் தனி அடாப்டர் வேண்டும்.

கேள்வி: கன்சோல் வாங்க வசதியில்லாத நாங்கள் என்ன செய்வது?

பதில்: சூப்பர்டக்ஸ்கார்ட் என்னும் கார்ட் பந்தய விளையாட்டு இருக்கிறது. லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்தின் சின்னமான பெங்குவின்தான் அதன் நாயகன். நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருள் அது; முற்றிலும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் ஓடும். ஒரே கணினியில் திரையைப் பிரித்தும் ஆடலாம். 2019இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து இணையம் வழியாகவும் ஆடலாம்.

கேள்வி: தோற்றால் கன்ட்ரோலரை வீசி எறியும் நண்பனை என்ன செய்வது?

பதில்: கன்ட்ரோலரோடு வந்த மணிக்கட்டுப் பட்டையை முதலில் மாட்டிவிடுங்கள். அடுத்த தடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கடைசியில் வந்தவருக்கே என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். தனக்குப் பிடித்த தடம் அடுத்து வரப்போகிறது என்றால் பலரின் கோபம் பாதியாகிவிடுகிறது. அதற்கும் அடங்காதவரிடம், உடைந்தால் புதிது வாங்கித் தர வேண்டியவர் யார் என்பதைப் பந்தயம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.